சூலத்தில் கட்டிய பிராது

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ராஜாம்பாளைத் தெரியாதவர்கள் குறைவு. நல்லவள் என்று தெரியும் என்று சொல்ல ஆசைதான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பாதிப் பேருக்கு அவள், தம்பி மாதிரி இருந்தவனைக் கோர்ட்டில் காட்டிக்கொடுத்தவள். மீதிப் பேருக்கு, புருஷன் காலை ஒடித்தவனுக்கே பரிந்து பேசிய பைத்தியக்காரி. இரண்டு பேச்சும் அவள் காதுபடப் பேசியவைதான். ஆரம்பத்தில் பதில் சொல்லிப் பார்த்தாள். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போய், கடைசியில் "ஆமாம்மா, அப்படியே வெச்சிக்க" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

மில்லில் அவளுக்கு ரீலிங் வேலை. எட்டு மணி நேரம் நின்ற கால் நின்றபடி நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்ற வேண்டும். புருஷன் கலியபெருமாளும் அதே மில்தான், ஸ்பின்னிங்கில். பிள்ளை குட்டி இல்லை. கலியபெருமாள் வேலையில் கெட்டி. ஆனால் வாய் இருக்கிறதே, அது நாலு பேர் நிற்கும் இடத்தில் சும்மா இருக்காது. யாரையாவது சீண்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். எதிர்வீட்டு அம்மாவாசை பஞ்சு மூட்டை, அதாவது பேல், தூக்குகிறவன். பெரிய முதுகு, சின்னப் பேச்சு. ராஜாம்பாளை அக்கா என்பான், கலியபெருமாளை மாமா என்பான். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஒரே தெரு, ஒரே மில், விடிந்தால் ஒரே சங்குச் சத்தம். அதற்குமேல் என்ன உறவு வேண்டும்?

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. 1955 சித்திரை. மில்லில் நூல் கண்டுகள் காணாமல் போகின்றன என்று ஒரே கசமுசா. ஒரு நாள் ஷிப்டு முடிந்து ஜனம் வாசலில் நெருக்கிக்கொண்டு வரும்போது, கலியபெருமாள் அம்மாவாசையைப் பார்த்து உரக்கக் கேட்டான்:

"என்னடா மச்சான், வேட்டிக்குள்ள எத்தினி கண்டு வெச்சிருக்க?"

கேலிக்குத்தான் கேட்டான். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் வாசல் காவல்காரன் அத்தனை பேரையும் விட்டுவிட்டு அம்மாவாசையை மட்டும் ஓரமாக நிறுத்தி, வேட்டியை உதறச் சொல்லிச் சோதனை போட்டான். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து மில்லில் அவனுக்குப் பேரே 'கண்டு' என்றாகிவிட்டது. அதற்கடுத்த நாள் சாயங்காலம் தெருக்குழாயடியில் அம்மாவாசை பேல் புரட்டுகிற கழியோடு நின்றான். கலியபெருமாளின் வலது முழங்காலில் ஒரே அடி. விழுந்த வேகத்தில் குழாய்க்கல்லில் மோதி இடுப்பும் போயிற்று. ராஜாம்பாள் நிரம்பிய குடத்தோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

நாலு மாதம் ஆஸ்பத்திரி. எலும்பு கோணலாகக் கூடியது. கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பார்த்து இரண்டு முறை முகம் அடிபட விழுந்தான். வேலை போயிற்று. போலீஸ் வந்து ராஜாம்பாள் சொன்னதை எழுதிக்கொண்டு போனது. அம்மாவாசையை ஒரு வாரம் உள்ளே வைத்துவிட்டு வெளியே விட்டது. விசாரணை வரும்போது சொல்லி அனுப்புவோம் என்றார்கள். ஆட்சி கைமாறிக்கொண்டிருந்த காலம். சட்டம் பழைய பிரெஞ்சுச் சட்டம், ஆட்கள் பாதி பழசு, பாதி புதுசு. அந்தக் காகிதம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ, இரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை.

ராஜாம்பாளால் அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. விருத்தாசலத்தைத் தாண்டி ஒரு முனியப்பர் கோயில் உண்டு. அநியாயம் பண்ணினவன் பேரையும், பண்ணின அநியாயத்தையும் காகிதத்தில் எழுதி, சாமி முன்னால் நிற்கும் சூலத்தில் கட்டிவிட்டால் போதும். பிராது கட்டுவது என்பார்கள். அப்புறம் அது முனியப்பர் பாடு. ஆனால் அந்தச் சாமிக்கு ஒரு வழக்கம். கட்டினவரும் கட்டப்பட்டவரும் சமாதானமாகிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, நடந்ததை நடந்தபடி சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லி, காகிதத்தை அவிழ்த்துக்கொண்டு போகலாம். அதற்கு ராஜினாமா என்று பேர். ஒன்றை மறைத்தாலும் ராஜினாமா செல்லாது. ராஜாம்பாள் ரயிலேறிப் போய் அம்மாவாசை மேல் பிராது கட்டிவிட்டு வந்தாள்.

சேதி தெருவுக்கு வர ஒரு நாள்கூட ஆகவில்லை. போலீசுக்குப் பயப்படாத அம்மாவாசை இதற்கு ஆடிப்போனான். இருபதாம் நாள் அவன் வலது கையில் கட்டி கிளம்பி முழங்கை வரை வீங்கியது. பஞ்சுத் தூசிக்கும் பேல் கம்பிக்கும் யாருக்கும் வருகிற கட்டிதான். அதை அவனிடம் யார் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராஜாம்பாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அவன் பெண்சாதி செல்வாம்பாள் பின்னால் நின்று அழுதாள்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்."

உள்ளே படுத்திருந்த கலியபெருமாள் காது கூசுகிற மாதிரி ஏசினான். ராஜாம்பாளுக்கும் ஆத்திரம்தான். அந்த ஆத்திரத்தில் சொன்னாள்:

"என்ன செய்வியா? அந்த ஆளுக்குக் கால ஒடிச்சல்ல, நீயே காலா இரு. இருந்துடுவியா?"

சும்மா வாயில் வந்ததுதான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரம் பழைய பலகையெல்லாம் பொறுக்கி, மில் வாசலில் வைக்கத் தோதாக ஒரு பொட்டிக்கடை அடித்தான். வெற்றிலை, பீடி, சுண்ணாம்பு. தினமும் காலையில் முதல் சங்குக்கு முன்னால் வந்து, முதுகைக் குனிந்து, "ஏறு மாமா" என்பான். கலியபெருமாளைக் கொண்டுபோய்க் கடையில் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் வேலைக்குள் போவான். சாயங்காலம் திரும்பத் தூக்கி வருவான். முதல் மாதம் முழுக்கக் கலியபெருமாள் முதுகில் உட்கார்ந்தபடியே திட்டினான். இரண்டாவது மாதம் திட்டுக் குறைந்தது. அப்புறம் இரண்டு பேரும் மில் சங்கதி பேசிக்கொண்டு வந்தார்கள். ராஜாம்பாளுக்கு அதைப் பார்க்க முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

மறு வருஷம் தை மாதம் மூன்று பேரும் விருத்தாசலம் போனார்கள். ரயிலடியிலிருந்து கோயில் வரை அம்மாவாசைதான் கலியபெருமாளைச் சுமந்தான். சாமி முன்னால் அம்மாவாசை கழியைச் சொன்னான், முழங்காலைச் சொன்னான், குழாயடியைச் சொன்னான். ராஜாம்பாள் தான் பார்த்ததைச் சொன்னாள். பூசாரி கலியபெருமாளைப் பார்த்து, "நீ சொல்றது ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். காகிதத்தை அவிழ்த்துக் கையில் கொடுத்தார்கள். ராஜாம்பாள் அதைக் கிழித்து வாய்க்காலில் விட்டாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடிய விட்டால்தானே!

1957 ஆடியில் கோர்ட்டுச் சேவகன் சைக்கிளில் வந்தான். ராஜாம்பாளுக்கு ஒரு காகிதம், எதிர்வீட்டுக்கு ஒரு காகிதம். திரிபுனாலில், அதான் பிரெஞ்சு கோர்ட்டில், விசாரணையாம். ராஜாம்பாள் பதறவில்லை. "அங்கயும் போயி ராஜினாமா சொல்லிட்டு வந்துடுவோம்" என்றாள். செல்வாம்பாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ராஜாம்பாளையும் அம்மாவாசையையும் இழுத்துக்கொண்டு, அவொக்கா என்கிற பிரெஞ்சு வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்த ஜானகிராமனிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதப் பாரும்மா, இது உன் வழக்கு இல்ல, சர்க்கார் வழக்கு. நீ வேணாம்னாலும் அவங்க விட மாட்டாங்க. ஒரே வழிதான். அடிச்சது யாருன்னு தெரியலன்னு சொல்லிடு. மசமசன்னு இருட்டுற நேரம், கூட்டம், ஆள் அடையாளம் தெரியலன்னு சொல்லு. உன் வீட்டுக்காரரையும் அப்படியே சொல்லச் சொல்லு. சாட்சி இல்லன்னா தள்ளிடுவாங்க."

திரும்பி நடக்கும்போது வாய்க்கால் பாலத்தில் அம்மாவாசை நின்றான்.

"அக்கா, பொய்யெல்லாம் வேணாம். சாமி முன்னால ஒண்ணு, ஜட்ஜி முன்னால ஒண்ணா? அப்புறம் ராஜினாமா செல்லாமப் போயிடும். நடந்ததச் சொல்லு. சரி பண்ணிக்கிட்டோம்னும் சொல்லு. அவங்களும் மனுசங்கதானே?"

ராஜாம்பாளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. முனியப்பரே ஒத்துக்கொண்டதை இன்னொருத்தர் மறுப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்த ஒரு தப்பை நினைத்துத்தான் அவள் பின்னால் எத்தனையோ நாள் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாள்.

கலியபெருமாளைக் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் அம்மாவாசைதான். படி ஏற்றி, பெஞ்சில் உட்கார வைத்து, வேட்டியைச் சரி பண்ணிவிட்டு, அப்புறம் குற்றவாளி நிற்கிற இடத்தில் போய் நின்றான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதி பிரெஞ்சில் கேட்க, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். அடித்தது யார் என்று கேட்டார்கள்.

"தோ, எங்க அம்மாவாசைதான்" என்றாள் ராஜாம்பாள், கல்யாண வீட்டில் உறவுக்காரனைக் காட்டுகிற மாதிரி. கழி எவ்வளவு நீளம், எந்தக் கால், எத்தனை அடி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒன்றை விட்டாலும் செல்லாதே! சொல்லி முடித்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள். "அவன் எல்லாத்தையும் சரி பண்ணிட்டான் சாமி. ரெண்டு வருசமா அவந்தான் எங்க வீட்டுக்காரருக்குக் காலு. முனியப்பர்கிட்டயே ராஜினாமா ஆயிடுச்சு. நீங்களும் காகிதத்தைக் குடுத்துட்டீங்கன்னா நாங்க போயிடுவோம்."

கலியபெருமாளைக் கேட்டார்கள். அடித்தது இவன்தானா? ஆமாம். கழியாலா? ஆமாம். போதும், உட்காரலாம். அம்மாவாசையைக் கேட்டார்கள். ஒத்துக்கொண்டான். எதற்காக அடித்தான் என்று விசாரித்தபோது, "கோவத்துல" என்று மட்டும் சொன்னான். அது போதுமென்று எழுதிக்கொண்டார்கள்.

நீதிபதி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ராஜாம்பாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேசினார். பக்கத்தில் நின்றவர் அதைத் தமிழில் சொன்னார்: இவன் உன் புருஷனை மட்டும் அடிக்கவில்லை, சட்டத்தையும் மீறியிருக்கிறான். நீ மன்னிக்கலாம், சட்டம் மன்னிக்க முடியாது. இவன் செய்த உதவியை எண்ணி மூன்று வருஷ ஜெயிலை ஒன்றரை வருஷமாகக் குறைத்திருக்கிறோம்.

இரண்டு சிப்பாய்கள் அம்மாவாசையின் தோளைப் பிடித்தார்கள். அவன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "மாமாவ யாரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க?" என்று கேட்டான். சட்டத்தையும் அடித்தானாம், அதற்கும் கால் ஒடிந்ததாம்! அதை யாரும் தினம் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் உட்கார வைக்க வேண்டியதில்லையே என்று ராஜாம்பாளுக்கு ஆங்காரமாக வந்தது. கலியபெருமாளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

செல்வாம்பாள் தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். "சாமிகிட்ட ராஜினாமா, கோர்ட்டுல சாட்சி! நல்லா நடிச்ச அக்கா! எம் புருசனச் சுமக்கவும் வெச்சு, உள்ளயும் தள்ளிட்ட!" அன்றோடு எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பொட்டிக்கடையும் மூடிக்கொண்டது. மில் வாசலிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்து வீட்டுச் சந்தில் கவிழ்த்து வைத்தார்கள். ராஜாம்பாள் ஷிப்டுக்குப் போனால் திரும்பி வரும்வரை கலியபெருமாள் படுத்த இடத்திலேயே கிடந்தான். அவளால் அவனைப் புரட்டத்தான் முடிந்தது, தூக்க முடியவில்லை. ஒரு நாள் முதுகைத் துடைத்துவிடும்போது, "எனக்கு அவன் முதுகு பழகிப்போச்சுடி" என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜெயிலில் பார்க்கப் போனாள். மூன்று முறை அவன் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாம் முறை வந்தான், கம்பிக்கு அந்தப் பக்கம். முதுகு வளைந்திருந்தது. வேர்க்கடலை உருண்டையை வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, நான் அந்தக் கண்டு எடுக்கல" என்றான். "முனியப்பர் கோயில்லயும் கேக்கல, கோர்ட்டுலயும் கேக்கல. அடிச்சியா, அடிச்சியான்னுதான் எல்லாரும் கேட்டீங்க. அடிச்சேன். ஆனா எடுக்கல."

"எனக்குத் தெரியும்டா."

"உனக்குத் தெரிஞ்சு என்னக்கா."

அந்தக் கடைசி வார்த்தை ராஜாம்பாளுக்கு ரீலிங் மிஷின் சத்தத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

59 ஆரம்பத்தில் வெளியே வந்தான். மில்லில் சேர்த்துக்கொள்ளவில்லை. உள்ளே பிடித்த இருமல் விடவில்லை. மார்க்கெட்டில் சின்னச் சின்னக் கூடை தூக்கினான். தெருவில் ராஜாம்பாளைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனான். அவளே ஒரு நாள் வழிமறித்தாள்.

"அம்மாவாச, வீட்டுக்கு வாடா. மாமா கேட்டுக்கினே இருக்காரு."

"உங்களுக்குச் செய்ய வேண்டியத எல்லாம் கவர்மெண்டு எடுத்துக்கிச்சுக்கா. இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஒரு வருஷம் யோசித்தாள். அப்புறம் லீவு போட்டுவிட்டுத் தனியாக விருத்தாசலம் ரயிலேறினாள். கோயிலில் பிராது எழுதுகிறவர் பேனாவைத் தொட்டுக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்:

"பிராது யார் பேர்ல?"

"அம்மாவாசை."

"யார் மேல?"

"ராஜாம்பாள் மேல. புதுச்சேரி, முதலியார்பேட்ட."

"அந்தம்மா என்ன பண்ணுச்சு?"

"நம்பி வந்தவன ஜெயிலுக்கு அனுப்பிடுச்சு."

"நீங்க யாரு அவருக்கு?"

"நான்தாங்க ராஜாம்பாள்."

எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பைத்தியமோ என்று நினைத்திருப்பார். பைத்தியத்திடம் பேச்சு எதற்கு என்று எழுதியும் கொடுத்தார். ராஜாம்பாள் அதைத் தன் கையாலேயே சூலத்தில் கட்டினாள். இனி இதை அவிழ்க்க வேண்டுமென்றால் அம்மாவாசை வந்தே ஆகவேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்: "செல்வாம்பா, உன் வீட்டுக்காரன் பேருல எம்மேல பிராது கட்டிட்டு வந்திருக்கேன்." கதவு திறக்கவில்லை. இரண்டு வருஷம் அவள் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றால் வாசலில் உட்கார்ந்து இல்லை. ரீலிங்கில் நின்றுகொண்டு, தண்ணீர் தூக்கிக்கொண்டு, புருஷனைப் புரட்டிக்கொண்டு.

62 ஆகஸ்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று தெருவெல்லாம் பட்டாசு. மில் லீவு. ராஜாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலில் இருமல் கேட்டது.

"ஏன்க்கா, எம் பேருல உம்மேலயே பிராது கட்டியிருக்கியாமே?"

"ஆமா."

"எடுக்கணும்னா நான்தான் வரணுமா?"

"ஆமா."

"வந்து என்ன சொல்லணும்?"

"நடந்தத நடந்தபடி சொல்லணும்."

அம்மாவாசைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "போன வாட்டி நீ அப்படிச் சொல்லித்தான்க்கா நான் உள்ள போனேன்."

ராஜாம்பாள் களைந்த தண்ணீரைக் கீழே கொட்டக்கூட மறந்து நின்றாள்.

"யாருடி அது, அவனா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசலோட போறானா? உள்ள வரச் சொல்லு."

அம்மாவாசை உள்ளே போனான். படுக்கைப் பக்கத்தில் போனதும், பழக்கதோஷம், முதுகைக் குனிந்துவிட்டான். "ஏறு மாமா." கலியபெருமாள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அம்மாவாசை எழப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். முடியவில்லை. இரண்டு பேருமாகப் பாயில் சரிந்து உட்கார்ந்தார்கள்.

"விடுடா" என்றான் கலியபெருமாள். கழுத்தைக் கட்டின கையை அவன் எடுக்கவில்லை. "அடியே, விருத்தாசலத்துக்கு என்னையும் எப்படியாச்சும் கூட்டிட்டுப் போகணும்."

"நீங்க எதுக்கு? நாங்க ரெண்டு பேரு போனாப் போதும்."

"என் மேலயும் ஒண்ணு எழுதணும். அன்னிக்கிப் பூசாரி கேட்டாரு, நான் இல்லன்னு தலைய ஆட்டிட்டேன்." வெளியே யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அது ஓய்ந்த பிறகு சொன்னான்: "அம்மாவாச, நீ கண்டு எடுக்கலடா. எனக்கு அப்பவே தெரியும். அம்மாம் பேரு சிரிச்சாங்களா, வாய அடக்க முடியல."

அம்மாவாசை தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். முதுகு குலுங்கியது. ராஜாம்பாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தான்.

"விருத்தாசலம் ரயிலு எத்தினி மணிக்குக்கா?" என்று கேட்டான்.